எதிரி நோட்டு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் இன்னமும் இரண்டு பேருக்குத்தான் காப்பி போடுகிறேன். கை அந்த அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு டம்ளரை நான் குடித்துவிடுவேன். இன்னொன்று ஆறி ஏடு படிந்ததும் கொல்லையில் வாழைக்கு ஊற்றிவிடுவேன். வாழை நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது டம்ளர் சர்தாருடையது. செஞ்சிக் கடைத்தெருவில் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப்பெயர், உரக்கடைப் பலகை, மோட்டார் சைக்கிள் நம்பர் பிளேட் எல்லாம் அவன் கைதான். போன பங்குனியில் இறந்துபோனான். சந்திரகிரி மலையில் மலைத்தேனீ கொட்டி இறந்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது பொய்யில்லை. அதில் விட்டுப்போன சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

என் பெயர் பாண்டுரங்கன். தாலுக்கா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவன். வயது அறுபத்தெட்டு. மனைவி கமலாம்பாள் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. வாசக்காரர் என்பார்கள். எங்கள் முன்னோர் கோட்டையின் கீழ்வாசலைக் காவல் காத்தவர். எதிரி உள்ளே புகுந்தபோது வாசலிலேயே வெட்டுப்பட்டு விழுந்தார் என்பது ஊர் அறிந்த கதை. அதற்காக எங்கள் தெரு அம்மன் கோயில் தீமிதியில் முதல் தாம்பூலம் எங்கள் வீட்டுக்கு. எவ்வளவு பெரிய மனிதர் வந்திருந்தாலும் சரி, பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு முதலில் என் முன்னால்தான் வந்து நிற்பார். வருடத்தில் ஒரு நாள், அரை நிமிடம். மற்ற நாட்களை நான் அதை வைத்துத்தான் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

1984இல் நிலைவாசல் பெயர்ப்பலகைக்குப் புது வண்ணம் அடிக்க வந்தபோதுதான் சர்தாரோடு பேச்சு ஏற்பட்டது. கூடத்தில் நான் சதுரங்கப் பலகையை விரித்து இரண்டு பக்கமும் நானே காய் நகர்த்திக்கொண்டிருந்தேன். பிரஷ்ஷைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் நீங்களே ஆடுனா யாரு சார் தோக்கறது?" என்றான்.

நான் அடுத்த காயை நகர்த்தினேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றடிப் பலகை ஒன்றைத் துணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துவந்தான். அந்த வருடம்தான் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் டிவி வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை படம் போடும் நேரத்தில் தெருவே அங்கே போய் உட்கார்ந்துவிடும். பிறர் வீட்டுத் தரையில் போய் உட்காரும் வழக்கம் எனக்கு இல்லை. சர்தாருக்கும் அதில் நாட்டமில்லை. "அந்தப் பொட்டில வேற எவனோ ஆடறான். நமக்கு இன்னா வேல?" என்பான்.

பலகையில் மூன்று மலை, மலைகளை இணைக்கும் மதில், ஏழு வாசல். எல்லாம் எனாமல் வண்ணத்தில். தரை முழுவதும் தேனடை போல ஆறுமூலைக் கட்டங்கள். காய்களைச் சட்டக்கட்டைத் துண்டில் செதுக்கியிருந்தான். வில்லாள், ஈட்டியாள், மந்திரக்காரி என்று கோட்டைப் பக்கம் ஆளுக்குப் பன்னிரண்டு. எதிரே குரங்கு முகத்தான், கல் பூதம், தேனீப்படை. சர்தாரும் நானும் ஒரே பக்கம் என்பது எனக்கு முதலில் பிடிபடவில்லை. எதிர்ப்பக்கம் யாரும் உட்காரமாட்டார்கள். எதிரியை ஒரு நாற்பது பக்க நோட்டு நடத்தும். நாங்கள் எங்கள் முறையை ஆடி முடித்ததும் நோட்டைத் திறப்போம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அப்படியே எதிரிக் காய்களை நகர்த்துவோம்.

"எதிரின்னா அவனுக்கு ஒரு கொணம் இருக்கணும் சார். அது தெரிஞ்சிட்டா பயம் போயிடும்," என்றான் சர்தார்.

அந்தக் குணங்களை அவன் மலையிலிருந்துதான் எடுத்துவந்திருந்தான். வேலை இல்லாத நாட்களில் கோட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பான். ராஜகிரிக் குரங்குகள் கையில் பை வைத்திருப்பவரைத்தான் முதலில் நெருங்கும், இருவர் சேர்ந்து நடந்தால் தள்ளியே நிற்கும். குரங்கு முகத்தான் பக்கத்தில் அதை அப்படியே எழுதியிருந்தான். கல் பூதம் கடைசியாகத் தன்னை அடித்தவன் பக்கம் திரும்பும். அது அவன் தெருவில் இருந்த ஒரு கிழட்டு எருமையின் குணம். தேனீப்படை அசைகிறவனைத் துரத்தும், ஓடுகிறவனை மூன்று கட்டம் கூடுதலாகத் துரத்தும், படுத்துக் கிடப்பவனைத் தாண்டிப் போய்விடும்.

நோட்டு முழுவதையும் நான் ஒரு மாதத்தில் மனப்பாடம் செய்தேன். ஆபீசில் விதிகளை அப்படித்தான் படித்துப் பழகியவன். கல் பூதத்துக்கு நான் கண்டுபிடித்த வழியைச் சொல்கிறேன். இரண்டு வில்லாட்களை இரண்டு மூலையில் நிறுத்தி மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பூதம் ஒருவன் பக்கம் திரும்பும், ஓர் அடி வைக்கும், மற்றவன் அடிப்பான், அவன் பக்கம் திரும்பும். ஆட்டம் முடியும்வரை அது நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும். இதை முதலில் செய்து காட்டியபோது சர்தார் தொடையில் தட்டிச் சிரித்தான். "பாவம் சார் அது. எங்க ஊட்ல ஹுசைன் பீக்கும் எங்க அம்மாவுக்கும் நடுவுல நான் நிக்கற மாதிரி நிக்குது," என்றான். ஹுசைன் பீ அவன் மனைவி. நோன்பு மாதத்தில் எனக்குக் கஞ்சி கொடுத்தனுப்புவாள். பாத்திரத்தைக் கழுவி, கொஞ்சம் வெல்லம் போட்டுத் திருப்புவேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது எங்கள் வீட்டில் கிடையாது.

சர்தார் நல்ல ஆட்டக்காரன் இல்லை. அவனிடம் ஒரு குறை இருந்தது. அடிபட்ட காய் உடனே செத்துப்போகாது, இரண்டு முறை படுத்துக் கிடக்கும். அதற்குள் நம் ஆள் ஒருவன் பக்கத்தில் போய் நின்றால் எழுந்துகொள்ளும். சர்தார் ஒவ்வொரு தடவையும் ஆளனுப்புவான். ஒரு ஈட்டியாளைத் தூக்கப் போய் மூன்று பேரைப் பறிகொடுப்பான். இது போர்முறை இல்லை என்று நான் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

"கூப்புடறான் சார் அவன்," என்பான்.

"கட்டை எங்கேயப்பா கூப்பிடும்?"

"உங்களுக்குக் கேக்கல. கீழ கெடக்கறவன உட்டுட்டு ஜெயிச்சு, அப்பறம் யார்கிட்ட போயி ஜெயிச்சோம்னு சொல்றது?"

எதிரியின் குணம் நாற்பது பக்கம். சர்தாரின் குணம் இந்த ஒரு வரிதான். மற்றதையெல்லாம் போலவே இதையும் நான் நினைவில் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை.

இப்படி ஒன்றரை வருடம் போனது. வெள்ளிக்கிழமை வந்தாலே கூடத்தைப் பெருக்கி வைத்துவிடுவேன். 1985 ஆடியில், காற்று ஓட்டைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், முப்பத்தோராவது தடவையாக நாங்கள் ஜெயித்தோம். சர்தாருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை.

"கோட்ட உழவே மாட்டேங்குது சார். தோக்கற பயமே இல்லாம இன்னா ஆட்டம்? நெஜத்துல மட்டும் இவ்ளோ பெரிய கோட்ட எப்பிடிதான் உழுந்துச்சோ."

அப்போது நான் சொன்னேன்.

எங்கள் வீட்டில் ஒரு செய்தி உண்டு. தகப்பனாரின் கருமாதி முடிந்த அன்று, மூத்த மகனிடம் குடும்பத்துப் பெரியவர் ஒரே ஒரு முறை சொல்வார். எனக்கு என் சிற்றப்பா சொன்னார். கீழ்வாசலில் யாரும் வெட்டுப்பட்டு விழவில்லை. எங்கள் முன்னோர் உள்ளிருந்து தாழ்ப்பாளை எடுத்தார். தன் பெண்டு பிள்ளைகளைக் காயமில்லாமல் வெளியே விடுவதாக வாக்கு வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டு, அவர்களோடு நடந்து போய்விட்டார். பதினைந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தது அவர் மகன். வாசலில் செத்தவரின் மகன் என்று அவனை ஊர் எடுத்துக்கொண்டது. அவன் மறுக்கவில்லை. அன்று தொடங்கியதுதான் தாம்பூலம்.

எனக்கு மகன் இல்லை. அந்தச் செய்தி என்னோடு முடிந்திருக்க வேண்டும். ஏன் சர்தாரிடம் சொன்னேன் என்று பிறகு பலமுறை யோசித்தேன். காற்றுச் சத்தம் அதிகமாக இருந்தது. அவன் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கமலாம்பாள் போன பிறகு யாரும் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. காரணம் அவ்வளவுதான்.

கேட்டு முடித்ததும் சர்தார் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தான். "பாவம் சார் அந்த மனுசன்," என்றான். எங்கள் முன்னோரைப் பாவம் என்று ஒரு போர்டு எழுதுகிறவன் சொல்லும்படி ஆயிற்று. அதை நான் குறித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் புதிய காய் ஒன்றோடு வந்தான். தலைப்பாகை வைத்த ஓர் ஆள். நோட்டில் புதிதாக ஒரு பக்கம். "வாசக்காரன். ஏழாவது முறையில் உள்ளிருந்து தாழ்ப்பாளை எடுப்பான். பக்கத்துக் கட்டத்தில் நம் ஆள் ஒருவன் நின்றால் எடுக்கமாட்டான்."

"தனியா உட்டாதான் சார் தொறப்பான்," என்றான் சர்தார். "கூட ஒருத்தன் சும்மா நின்னா போதும். சண்ட கூட போட வேணாம். இப்ப பாருங்க, ஆட்டம் எப்பிடி இருக்குதுன்னு."

அன்றைக்கு முதல்முறையாகத் தோற்றோம். ஆட்டம் நன்றாகத்தான் ஆகியிருந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒருவனை வாசக்காரன் பக்கத்தில் நிறுத்திவைக்க வேண்டும், அந்த ஒருவன் இல்லாமல் மதில் பலவீனப்படும். சர்தார் உற்சாகமாக இருந்தான். அடுத்த வாரம் தன் ஆளையே அங்கே நிறுத்தினான். "நான் நிக்கறேன் சார் இவன்கூட, நீங்க மதில பாருங்க," என்றான்.

தை மாதத்தில் அவனுக்கு மதராசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விளையாட்டுச் சாமான் தயாரிக்கும் ஒருவர் ஆட்டத்தின் மாதிரியைக் கேட்டிருந்தார். பிடித்திருந்தால் அச்சடித்து அட்டைப் பெட்டியில் விற்பாராம். சர்தார் பலகைக்கு மறுபடி வண்ணம் அடித்து என்னிடம் காட்டக் கொண்டுவந்தான். கீழ்மூலையில் மஞ்சளில், கறுப்பு நிழல் வைத்து எழுதியிருந்தான். "கதை சொன்னவர்: வாசக்காரர் வீட்டுப் பாண்டுரங்கன் அவர்கள்."

"உங்க பேர் இல்லாம இது இல்ல சார். ஊரே பாக்கட்டும்," என்றான்.

மரியாதை செய்வதாகத்தான் நினைத்தான். அவன் முகத்தில் அது தெரிந்தது. வாசக்காரன் தாழ்ப்பாளை எடுக்கும் ஆட்டம், அதன் மூலையில் என் பெயர், கதை சொன்னவன் நானே என்று. அதை ஒரு பெட்டியில் போட்டுச் செஞ்சிக் கடைத்தெருவிலும் விற்பார்கள். தீமிதிக்குப் பூசாரி தட்டை எடுத்துக்கொண்டு யார் முன்னால் போய் நிற்பார்?

அழித்துவிடு என்று சொல்லியிருக்கலாமே என்று இதைப் படிப்பவர் கேட்கக்கூடும். சொல்லியிருந்தால் அழித்திருப்பான். ஒரு துணியும் கொஞ்சம் டர்பன்டைனும் போதும். அந்தக் காயையே அடுப்பில் போட்டிருப்பான். ஆனால் ஒருவனிடம் போய்க் கேட்டு நிற்பது எங்கள் வீட்டு வழக்கமில்லை. மேலும் பலகையில் இருப்பதைத் துடைக்கலாம், அவனுக்குத் தெரிந்துவிட்டதை எதைக் கொண்டு துடைப்பது? அவன் நல்லவன்தான். நல்லவர்கள் பேசாமல் இருப்பதில்லை. நானே அதற்குச் சாட்சி.

"நன்றாக இருக்கிறது," என்றேன். "வாசலின் வடிவம் மட்டும் சரியில்லை. சந்திரகிரியில் ஒரு பழைய வாசல் இடிந்து கிடக்கிறது. ஒருநாள் போய்ப் பார்த்து வரைந்துகொள்ளலாம்."

அதற்கு முன் நான் மட்டும் இரண்டு தடவை அங்கே போய் வந்தேன். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. வாசலுக்கு மேலே பாறை கவிந்திருக்கும் இடத்தில் முறத்தளவுக்கு ஒரு தேனடை தொங்கியது.

பங்குனியில் ஒரு ஞாயிறு காலை போனோம். நான் கம்பளிச் சால்வை போர்த்தி வந்திருந்தேன்.

"இன்னா சார், வெயில் மண்டயப் பொளக்குது, சால்வ போத்திருக்கீங்க?"

"நெஞ்சில் சளி," என்றேன்.

"குடுங்க, நான் எடுத்தாறேன். உங்களுக்கு மூச்சு வாங்குது."

பாதி மலைவரை அந்தச் சால்வையை அவன்தான் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

பிறகு நடந்ததை ஊர் எப்படிச் சொல்கிறது என்றால், தேனீ கலைந்தது, சர்தார் ஓடித் தடுக்கி வயதானவர்மேல் விழுந்தான், வயதானவர் எப்படியோ தப்பினார், அவன் விதி முடிந்து போனான். கோட்டைக் காவலாள் பச்சமுத்துதான் எங்களைப் பார்த்தவன். எனக்குப் பதினான்கு கொட்டு, இரண்டு நாள் ஆஸ்பத்திரி. விசாரித்த அதிகாரி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார், வாசக்காரர் என்ற மரியாதைக்கு. தீமிதியில் தாம்பூலம் வழக்கம்போல எனக்குத்தான் முதலில் வந்தது. பலகையை ஹுசைன் பீ என் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டாள், அவர் உங்களுக்காகத்தான் செய்தார் என்று. கீழ்மூலை எழுத்தைத் துடைத்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மதராஸ்காரரிடமிருந்து பிறகு கடிதம் எதுவும் வரவில்லை.

எல்லாம் அத்தோடு முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன். போன வாரம் சர்தாரின் மகள் மெஹர் பானு வந்தாள். டீச்சர் டிரெய்னிங் படிக்கிறாள். எதிரி நோட்டைக் கையில் வைத்திருந்தாள்.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? படுத்துக் கெடந்தா தேனீ தாண்டிப் போயிடும்னு அத்தாதான எழுதியிருக்காரு. அவருக்குத் தெரியுமே. அப்பறம் ஏன் ஓடுனாரு?"

எனக்குப் பதில் தயாராக இருந்தது. "பயந்திருப்பான் அம்மா. பயம் வந்தால் யாருக்கும் எதுவும் நினைவு வராது," என்றேன்.

அவள் நோட்டை மேசைமேல் வைத்தாள். "அத்தா பயந்தவரு இல்ல பெரியப்பா," என்றாள். குரல் உயரவில்லை. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு மனிதன் கோழை என்று அவன் பெண்ணிடமே சொல்லும்படி ஆகிவிட்டது. ஒரு வீட்டுப் பெயர் என்றால் என்ன என்று தெரிந்தவன் நான். அவர்கள் வீட்டுப் பெயரைக் கெடுப்பது என் நோக்கமாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே அவள் கேட்டதற்குச் சரியான பதிலை எழுதிவைக்கிறேன்.

சர்தார் வாசலுக்கு எதிரே இருபது அடி தள்ளி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பாறைக்குப் பக்கவாட்டில் போனேன். மூன்று கல் எறிந்தேன். மூன்றாவது கல் அடையில் பட்டது. எட்டு அடி நடந்து போய்க் குப்புறப் படுத்து, சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஓடக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பிறகு கூப்பிட்டேன்.

"சர்தார், விழுந்துவிட்டேன்."

சால்வை விளிம்பு வழியாக எனக்கு அவன் தெரிந்தான். முதல் முறை கூப்பிட்டபோது அவன் எழவில்லை. தேனீ கலைந்ததைப் பார்த்த உடனேயே தரையோடு தரையாகப் படுத்துவிட்டிருந்தான், நோட்டில் எழுதியபடி. தேனீக்கள் அவன்மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நகரத் தொடங்கின. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்திருந்தால் பிழைத்திருப்பான். என்னால் இதை உறுதியாகச் சொல்ல முடியும்.

நான் இரண்டாவது முறை கூப்பிட்டேன்.

எழுந்தான். ஓடினான். மலைக்குக் கீழே ஓடவில்லை. என்னைப் பார்த்து ஓடிவந்தான். மெஹர் பானு தெரிந்துகொள்ள வேண்டியது அது. இருபது அடியைக் கடப்பதற்குள் அவன் தலை தெரியவில்லை, கறுப்பாக ஏதோ ஓடிவருவது போலிருந்தது. வந்து என்மேல் விழுந்து, சால்வை மூடாத என் கால்களை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டான். அவனுடைய கனம் முழுவதும் என் முதுகில் இருந்தது. சுமார் பத்து நிமிடம். முதலில் பேசிக்கொண்டிருந்தான். பிறகு வாய் குழறியது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"அசையாதீங்க சார். நான் இருக்கேன். போயிடும். அசையாதீங்க."

எங்கள் வீட்டில் யாரும் இடத்தை விட்டுப் போனதில்லை என்று ஊர் நம்புகிறது. அன்றைக்கு அது உண்மையாகவே நடந்தது. அவன் பேச்சு நின்ற பிறகும், பச்சமுத்து வந்து அவனைப் புரட்டி எடுக்கும்வரையிலும், நான் அசையவே இல்லை.